கோடியக்கரையில் படகு மாறுகிறது

காவிரி டெல்டாவுக்கு மூன்று நாள் பயணம் என்று யார் திட்டம் போட்டாலும், அதில் படகுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். கும்பகோணம், தஞ்சாவூர், சிதம்பரம் என்று கோயில்களை அடுக்கிவிட்டு, பிள்ளைகள் சலித்துக்கொள்வார்களே என்று நடுவில் பிச்சாவரத்தைச் செருகுகிறார்கள். உச்சி வெயிலில் மோட்டார் படகில் ஒரு சுற்று, நாலு படம், அப்புறம் சாப்பாட்டுக் கடை. கோயில் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த ஊர்களுக்கு நெல்லும் உப்பும் வந்து சேர்ந்தது தண்ணீர் வழியாக. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, உப்பை விற்று நெல் ஏற்றித் திரும்பிய படகுகளை லாயத்துக் குதிரைகளைப்போல் கம்பங்களில் கட்டி வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறது. அந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்களின் பட்டியலில் படகு கடைசியில் நிற்பது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திட்டத்தைத் திருப்பிப் போடலாம். கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு வடக்கே பிச்சாவரத்தில் தொடங்கி, தெற்கே கோடியக்கரையில் மேற்காகத் திரும்பி, முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினத்தில் முடிக்கலாம். ஆற்றுத் தண்ணீர் முடிந்து உப்புத் தண்ணீர் தொடங்கும் கோட்டை ஒட்டியே போகும் பாதை இது. இந்தப் பாதையில் போனால் ஒன்று கண்ணுக்குப் புலப்படும்: கரை எப்படியோ படகும் அப்படி. அலை உடையும் கரையில் ஒரு வகை, சேறு நிறைந்த உப்பங்கழியில் ஒரு வகை, அமைதியான ஆழமில்லாக் கடலில் இன்னொரு வகை. தனித்தனியாகப் பார்த்தால் இவை வெறும் பழைய படகுகள். வரிசையில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று தானாகப் புரிந்துவிடும்.

மாதமும் திதியும்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் பாதி வரை போவதே நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கழிகளில் தண்ணீர் நிறைவாக இருக்கும். வலசை வந்த பறவைகள் முழுதாகக் கிளம்பியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். இந்தப் பயணத்தின் பாதித் தூரம் அன்றைக்கு அதன் கைக்குள் இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஒரு பக்கம். மறுபக்கம் ஆற்றில் தண்ணீர் வராமல் முத்துப்பேட்டைக் கழியின் உப்பு ஏறி, ஆழமும் குறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, துறைமுகங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். அதன்பின் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்துவிட்டால் சிறு படகில் உட்கார்ந்திருப்பதே பாடு.

மாதத்தை முடிவு செய்த பிறகு திதியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். இந்தக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். வித்தியாசம் பெரிதில்லை, ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஆனால் தண்ணீரே இடுப்பளவு இருக்கும் கழியில் அந்த ஒரு மீட்டர்தான் எல்லாமே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. ஏற்றத்தின் உச்சம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை எட்டு மணிக்கு உச்சம் என்றால் அதே இடத்தில் மூன்றாம் நாள் ஒன்பதே முக்கால் சுமாருக்கு வரும். கோடியக்கரைக்கு இரு பக்கமும் நேரம் வேறுபடும், முகத்துவாரத்தில் ஏறிய தண்ணீர் உள்கழிக்கு வந்து சேரவும் நேரம் பிடிக்கும். அதனால் கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை இடவாரியாகப் பார்த்துக்கொண்டு, படகுக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் மூன்று நாட்களைத் தேர்ந்தெடுத்தால் பயணத்தின் பாதி வேலை முடிந்தது.

பிச்சாவரத்தில் துடுப்பு

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் சுமார். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் உள்ள அலையாத்திக் காடு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும். சுரபுன்னையின் முட்டு வேர்கள் இரு பக்கமும் வளைந்து இறங்கி, தலைக்கு மேல் கிளைகள் பின்னிக்கொள்ளும் குறுகலான சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் போகும். சத்தமும் இருக்காது. நண்டு வேரில் ஏறுவதையும் மீன்கொத்தி பாய்வதையும் இன்ஜின் சத்தத்தில் எதிர்பார்க்க முடியாது. காலையில் முதல் படகிலேயே ஏறிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வரும்.

படகில் ஏறும்போது ஓரத்தில் கால் வைக்காமல், குனிந்து நடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது, ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் போய் எழுந்து நிற்பது, இந்த இரண்டும்தான் படகை ஆட்டிவிடும். அணியத்தில் பாரம் கூடினால் முன்பக்கம் அமுங்கி, படகு சொன்ன திசைக்குத் திரும்பாது. பாரம் நடுவிலும் கொஞ்சம் பின்னாலும் இருக்கட்டும். சந்துக்குள் போனதும் கைகளைப் படகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்திபோல் அறுக்கும். கிளைகளை ஒடிக்கவும் வேண்டாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இங்கே நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, பார்வையையே பாதிக்கும். இதே கால்வாய்களில் இருளர் மக்கள் படகே இல்லாமல் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பனை ஓலைப் பறியில் போடுவதைப் பார்க்கலாம். அவர்கள் தொழில் செய்துகொண்டிருக்கிறார்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பூம்புகார் முதல் நாகப்பட்டினம் வரை

சீர்காழி வழியாகப் பூம்புகார், அதாவது பழைய காவிரிப்பூம்பட்டினம். கடற்கரைச் சிற்பங்களோடு திரும்பிவிடாமல் பக்கத்திலுள்ள கீழையூருக்கும் போக வேண்டும். 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றும், படகைக் கட்டும் மரக்கம்பங்களும் அங்கே கிடைத்தன. கி.மு. காலத்தது என்பது ஆய்வு முடிவு. நெல் ஏற்றி வந்த படகைக் கம்பத்தில் கட்டியதாகப் பாட்டில் படித்துவிட்டு, கம்பம் நட்ட துறையைப் பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்குமா என்று தெரியவில்லை. தரங்கம்பாடியில் 1620-ல் டேனியர்கள் எழுப்பிய கோட்டையும் கடலும் எதிரெதிரே இருக்கின்றன. முதல் இரவு அங்கேயோ காரைக்காலிலோ தங்கிக்கொள்ளலாம்.

இந்த நீளக் கரையில் கவனிக்க வேண்டியது அலை எங்கே உடைகிறது என்பது. கரைக்குப் பக்கத்திலேயே, நேரே வந்து உடைகிறது. ஒதுங்க வளைகுடா இல்லை. ஆற்று முகத்துவாரங்களும் மணல் மூடிக் கிடப்பவை. இப்படிப்பட்ட இடத்தில் உட்குழிந்த படகைத் தள்ளினால் முதல் அலையே அதை நிரப்பிவிடும். கட்டுமரத்தில் நிரம்புவதற்கு எதுவும் இல்லை. மேலே விழுந்த தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப்போகும். கவிழ்ந்தாலும் மூழ்காது. மரத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் போட்டு மறுபடி ஏறிவிடலாம். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, நடுமரம் தாழ்வாகவும் பக்க மரங்கள் உயர்வாகவும் வரும்படி அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும் என்பதால் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் தனியாக மணலில் உலரப் போடுவார்கள். உலரவிடாமல் மறுநாளும் எடுத்துப்போனால் மரம் தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும், துடுப்புப் போடுகிறவருக்கு இரட்டை வேலை. கப்பல்கள் கரையோரம் வர முடியாத காலத்தில் சரக்கு இறக்கிய மசூலா படகும் இதே அலைக்குப் பிறந்ததுதான். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. உள்ளே வங்கு, அதாவது விலா எலும்புபோல் பலகைகளைத் தாங்கும் வளைந்த சட்டம், கிடையாது. ஆணியடித்து விறைத்த படகு மணலில் மோதினால் பிளக்கும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும்.

இன்றைக்குக் கரையில் வரிசையாக நிற்பவை ஃபைபர் படகுகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் உயிர் இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். மீனவர்கள் பாரம்பரியத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சுற்றுலா வந்த யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. மரம் விலை ஏறிவிட்டது, கடலில் மீன் இன்னும் தூரம் போய்விட்டது, இன்ஜின் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஆனாலும் ஒன்றிரண்டு கட்டுமரங்கள் கண்ணில் படும். தெர்மாகோலைச் சுற்றிக் கட்டி அதே வடிவத்தில் செய்தவையும் படும். பொருள் மாறியிருக்கிறது, வடிவம் மாறவில்லை. காரணம், அலை மாறவில்லை. விடியற்காலையில் படகுகள் கரையேறும் நேரத்தில் போய், வலையைத் தாண்டாமல் ஓரமாக நில்லுங்கள். “அண்ணே, இது எத்தனை மரம்?” என்று கேட்டால் பேச்சு தானாகத் தொடங்கும்.

கரை திரும்பும் இடம்

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டரில் கோடியக்கரை. போகிற வழியில் வேதாரண்யம் கால்வாய் கூடவே வரும். 1860களில், முக்கியமாக உப்பைப் படகில் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய் அது. உப்பு இன்றும் இங்கே விளைகிறது. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளியதும் இந்த மண்ணில்தான். படகுதான் இல்லை, லாரி இருக்கிறது. இரண்டாவது இரவை வேதாரண்யத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வசதியான விடுதி வேண்டுமென்றால் வேளாங்கண்ணியில் தங்கி, விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும்.

எல்லோரும் வெளிமானுக்காகவும் பூநாரைக்காகவும் கோடியக்கரைக்கு வருகிறார்கள். அவை தப்பாமல் பார்க்க வேண்டியவைதான். சரணாலயம் 1967-ல் அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சர் தகுதி பெற்றது. ஆனால் படகைத் தேடி வந்தவருக்கு இந்த முனையே பாடம். சோழமண்டலக் கரை இவ்வளவு தூரம் வடக்கு தெற்காக ஓடி வந்து, இங்கே மேற்கே மடங்குகிறது. கிழக்குக் கரையில் கொஞ்ச நேரம் நின்று அலையைப் பாருங்கள். பிறகு முனையைச் சுற்றித் தெற்குக் கரைக்கு வாருங்கள். வங்கக் கடலின் அலை இந்தப் பக்கம் அப்படியே வந்து சேர்வதில்லை. இலங்கை ஐம்பது கிலோமீட்டர் சுமாரில் எதிரே இருந்து மறைக்கிறது. தரையும் மாறுகிறது. மணல் குறைந்து வண்டல் கூடுகிறது. கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் போகிறது. உள்ளே போகப்போகக் கடற்புல் மேடுகள். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். அதற்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள்.

இங்கே கட்டுமரத்தின் காரணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துவிடுகின்றன. உடையும் அலை இல்லாதபோது, நனைந்துகொண்டே மரத்தின்மேல் மண்டியிட்டுப் போவானேன்? உட்குழிந்த பலகைப் படகில் வலையையும் மீனையும் நிறைய ஏற்றலாம். ஆனால் ஆழமில்லை, அதனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். அடி தட்டையானால் பக்கக் காற்றில் படகு நண்டு மாதிரி சரிந்து போகும், அதனால் காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் தண்ணீரில் இறக்கும் பக்கப்பலகை வேண்டும். காற்று நிதானமாகவும் தொடர்ந்தும் கிடைப்பதால் பாயைப் பெருக்கலாம், மூன்று பாய்மரம் வரைக்கும். அவ்வளவு பாய்க்குப் படகு சாயும், அதனால் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் காற்றுப் பக்கமாக ஏறி உட்கார்ந்து பாரத்தைச் சமன் செய்ய வேண்டும். இந்த நாலையும் ஒன்றாகச் சேர்த்தால் பாக் விரிகுடாவின் வத்தை. இன்று பாயை இறக்கி இன்ஜின் வைத்துவிட்டார்கள், பக்கப்பலகைக்கும் வேலை குறைந்தது. தட்டையான அடி மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் சேறு அப்படியே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பயணிகளை மீன்பிடிப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. இது சர்வதேச எல்லைக்குப் பக்கத்துக் கடல் வேறு. பணம் தருகிறோம் என்று மீனவரை வற்புறுத்தினால் மாட்டிக்கொள்வது அவர், நாம் இல்லை. தண்ணீரில் போகும் ஆசைக்கு மறுநாள் முத்துப்பேட்டை இருக்கிறது.

முத்துப்பேட்டையில் கழி

கோடியக்கரையிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இது. பாமனியாறு, கோரையாறு போன்ற ஆறுகள், காவிரியின் கடைமடைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் இடம். வனத்துறை அனுமதியோடு, ஜாம்புவானோடையிலிருந்து படகு கிளம்பும். முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் பேசி, படகும் உயிர்க்காப்பு அங்கியும் ஆள் கணக்குக்கு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிச்சாவரத்தில் பார்த்த சுரபுன்னை இங்கே அரிது. பெரும்பாலும் வெண்கண்டல்தான். நன்னீர் குறைந்து உப்பு ஏறினால் தாங்கி நிற்பது அதுவே. கஜா முறித்துப்போட்ட மரங்களின் தடம் பல இடங்களில் இன்னும் தெரியும். கழியிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தோடு உள்ளே வரும் மீனை வற்றத்தில் வலை கட்டிப் பிடிப்பது இங்குள்ள பழைய முறை. அந்த வாய்க்கால்களின் வாயில் வலை இருக்கும். படகை அதற்குள் விடச் சொல்லாதீர்கள்.

இங்கே கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வற்றம் தொடங்கிய பிறகு கிளம்புவது. போகும்போது மிதந்த இடத்தில் திரும்பும்போது படகு தரை தட்டும். இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் முழங்காலுக்கு மேல் புதையும். அடுத்த ஏற்றம் வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை. ஏறும் தண்ணீரோடு உள்ளே போய், உச்சம் கடந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, குதிகாலில் வார் உள்ள செருப்பு, போனுக்குத் தண்ணீர் புகாத பை. கழியில் குடிநீரும் இல்லை, நிழலும் இல்லை.

சிறு வள்ளத்தைத் துடுப்பில்லாமல், கழி என்னும் நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவதை அங்கே பார்க்கலாம். கேட்டால் ஆழமில்லாத இடத்தில் நம் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். படகின் பின்முனையான அமரத்தில் கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நிற்க வேண்டும். கழியைப் படகை ஒட்டியே, கொஞ்சம் பின்சாய்வாக இறக்குங்கள். தூரமாக ஊன்றினால் படகு முன்னால் போகாமல் சுழலும். தரை தட்டியதும் கைகளை மாற்றி மாற்றி மேலேறித் தள்ளுங்கள். எடுக்கும்போதுதான் ஆபத்து. வண்டல் கழியைக் கவ்விப் பிடிக்கும், படகோ முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். இழுப்பதற்கு முன் கழியை ஒரு திருகு திருகினால் பிடி விடும். விடவில்லையா, கழியை விட்டுவிடுங்கள். கழியை விடமாட்டேன் என்றவர் தண்ணீரில்தான் விழுவார்.

சொந்தக் கயாக் வைத்திருப்பவர்கள் வெண்ணாறு, வெட்டாறு என்று ஆற்றில் இறங்கலாமா என்று கேட்பதுண்டு. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அந்த மாதங்களில் ஆறு முழுக்கக் கதவணைகள். கதவுக்குக் கீழே விழும் தண்ணீர் திரும்பச் சுழன்று, அகப்பட்டதை அங்கேயே புரட்டிக்கொண்டிருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் விடாது. தண்ணீர் வடிந்த பிறகு மணல் அள்ளிய குழிகள் வேறு. ஆற்றில் படகு பார்க்க ஆசைப்பட்டால் தீபாவளியை ஒட்டி, மழையைத் துணிந்து, திருக்கொள்ளம்பூதூருக்குப் போகலாம். வெள்ளத்தில் ஓடக்காரர் இல்லாத ஓடத்தைச் சம்பந்தர் பதிகம் பாடியே அக்கரை சேர்த்த கதையை, வெட்டாற்றில் ஓடம் விட்டு ஊரே கொண்டாடும்.

முத்துப்பேட்டையிலிருந்து அதிராம்பட்டினம், அதற்கும் தெற்கே மல்லிப்பட்டினம். சரபோஜி 1814-ல் எட்டு அடுக்காகக் கட்டத் தொடங்கிய மனோரா மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊர் திரும்ப, பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூருக்குப் பேருந்து தாராளம். அதிராம்பட்டினம் பக்கம் படகு கட்டும் இடம் கண்ணில் பட்டால் தவறவிடாதீர்கள். மசூலாவில் பலகைதான் முதலில். வத்தையில் அது தலைகீழ். வங்குகளின் வளைவை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு பலகையில் வரைந்து, அந்த வரைவின்படி வங்கு அறுத்து நிறுத்தி, பிறகுதான் பலகை அடிப்பது பழைய முறை. மேஸ்திரியிடம் அந்த வரைவுப் பலகையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காலையில் ஏற்றத்தில் முத்துப்பேட்டைக் கழிக்குள் போனவர்கள் பிற்பகலில் இங்கே வந்தால் வற்றமாக இருக்கும். படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். தட்டையான அடியைச் சுற்றி வந்து பார்க்கலாம்.